போட்டதும் நன்றாக ஓடி, நேரம் போகப்போகத் தகராறு செய்யும் வீட்டுக் கம்ப்யூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு, அப்பார்ட்மென்ட்டில் தெரிந்தவர்கள் என்று சென்னையில் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதிகம் கேட்ட புகார் ஒன்றுதான்: "ஆன் பண்ணா நல்லாத்தான் ஓடுது, ஒரு மணி நேரம் ஆனதும் மக்கர் பண்ணுது." அதையொட்டி வந்த கேள்விகளும் என் அனுபவத்தில் கிடைத்த பதில்களும் இவை.

காலையில் நன்றாக ஓடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஹேங் ஆகிறது, இல்லையென்றால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டிலிருந்து. எத்தனை மணிக்கு ஆன் செய்தீர்கள், எத்தனை மணிக்குப் பிரச்சினை வந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, அறையில் ஏசி இருந்ததா இல்லையா என்று நாலைந்து நாள் எழுதுங்கள். பலருக்கு இது வீண் வேலையாகத் தெரிகிறது. நான் பார்த்தவரை பாதி விடை இந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் ஓட ஓட அதில் மாறிக்கொண்டே போவது முக்கியமாக மூன்று: உள்ளே ஏறும் சூடு, மெமரியில் சேர்ந்துகொண்டே போகும் சுமை, வெளியிலிருந்து வரும் மின்சாரம். ஒவ்வொன்றும் தன் நேரக்கணக்கில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

நின்றுபோனதும் உடனே திரும்ப ஆன் செய்து பாருங்கள். இந்த முறை ஐந்தே நிமிடத்தில் நிற்கிறது, அரை மணி நேரம் ஆறவிட்டு ஆன் செய்தால் மறுபடி ஒரு மணி நேரம் ஓடுகிறது என்றால், சந்தேகம் சூட்டின் மேல். உடனே ஆன் செய்தாலும் பழையபடி இரண்டு மூன்று மணி நேரம் தெம்பாக ஓடுகிறது என்றால், ஏதோ ஒரு சாஃப்ட்வேர் மெமரியைத் தின்றுகொண்டிருக்கலாம். காலை ஆறு மணிக்கு ஆன் செய்தாலும் மாலை ஐந்துக்கு ஆன் செய்தாலும், தகராறு மட்டும் இரவு ஏழு எட்டு மணிக்கே வருகிறது என்றால், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு பிளக், யூபிஎஸ், வோல்டேஜ் பக்கம் பாருங்கள். இப்படிப் பிரித்துப் பார்க்கக் காசு செலவே இல்லை, சரிதானே?

ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சூட்டால் நிற்கும் கம்ப்யூட்டரை ஃபார்மட் போட்டாலும் அது சூட்டால்தான் நிற்கும். நடுவில் போவது உங்கள் ஃபோட்டோக்களும் பிள்ளைகளின் பிராஜெக்ட்டும்.

இது எனக்கே நடந்தது. பல வருடங்களுக்கு முன் என் கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அணைந்தது. ஒரு கடையில் இரண்டு முறை ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள். அன்று இரவு நானே பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பிராசசர் மேல் இருக்கும் ஃபேனின் நாலு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று போர்டை விட்டு மேலே எழும்பியிருந்தது. அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் நாலு வருடம் ஓடியது. அதற்குள் இரண்டு ஃபார்மட்டில் போனவற்றை மீட்க வழியில்லை.

கோளாறு விண்டோஸில் இருக்கிறதா, உறுப்புகளில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஆன் செய்து, ஒரு மாலை முழுக்கப் படம் பாருங்கள். உங்கள் டிஸ்கில் இருப்பது எதுவும் மாறாது. அதிலும் அதே நேரத்துக்கு நின்றால் கோளாறு விண்டோஸில் இல்லை.

விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் வருகிறது. எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டதா?

அந்த 41 சொல்வது ஒன்றுதான்: முறையாக ஷட்டவுன் ஆகாமல் போன தடவை அணைந்துவிட்டது. ஏன் அணைந்தது என்று அது சொல்லவில்லை. கரன்ட் போனாலும் 41, ஹேங் ஆகி நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41. பெயரில் பவர் என்று இருப்பதை வைத்து நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னும் பின்னும் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். "ஹூயா லாகர்" (WHEA-Logger) என்ற பெயரில் வரும் பதிவு, பிராசசரோ மெமரியோ தன் கோளாறைத் தானே ஒப்புக்கொண்டதற்குச் சமம். ப்ளூ ஸ்கிரீன் கோடு இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே கோடு வந்தால் பெரும்பாலும் டிரைவர் (ஓர் உறுப்பை இயக்கும் சாஃப்ட்வேர்), தடவைக்கு வேறொரு கோடு வந்தால் ரேம், அதாவது மெமரி மேல் சந்தேகப்படலாம். இதெல்லாம் சிரமம் என்றால் ஸ்டார்ட்டில் "ரிலயபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாள்வாரியாக ஒரு படம் வரும். உங்கள் நோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு சூடு இருக்கலாம்?

ஹெச்டபிள்யூ இன்ஃபோ, ஹெச்டபிள்யூ மானிட்டர் என்று இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அதைத் திறந்து வைத்துவிட்டு வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் செய்து, கடைசியில் "மேக்ஸிமம்" என்ற பத்தியைப் பாருங்கள்.

இன்டெல் கோர் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரி எல்லை. அதைத் தொட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை கனமான வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் பிரவுசரும் யூடியூபும் மட்டும் ஓடும் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் 85, 90 என்று காட்டினால், ஃபேனோ, பிராசசருக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகடுகளுக்கும் நடுவில் பூசும் பேஸ்ட்டோ சரியில்லை.

நம் ஊர்க் கணக்கு ஒன்றும் இதில் உண்டு. ஃபேன் வைத்துக் குளிரவைக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் அறைச் சூட்டுக்குக் கீழே போக முடியாது. அறை 24 டிகிரியில் இருக்கும்போது பிராசசர் 74 என்றால், அதே வேலையைக் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் செய்தால் கிட்டத்தட்ட 86. டிசம்பரில் ஒரு வம்பும் செய்யாத கம்ப்யூட்டர் மே மாதம் படுத்துவது இதனால்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் இன்னொரு சங்கதி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், பொழுது சாய்ந்த பிறகு அதை அறைக்குள் இறக்கும். "வெயில் நேரத்துல ஓடுது, ராத்திரிதான் நிக்குது, அப்ப சூடு இல்லதானே?" என்று கேட்டவர்கள் எல்லாரும் மேல்தளத்தில் குடியிருந்தவர்கள். ஒரு சாதாரண அறைத் தெர்மாமீட்டரை கம்ப்யூட்டர் பக்கத்தில் இரவு எட்டு மணிக்கு வைத்துப் பாருங்கள்.

நானே திறந்து சுத்தம் செய்யலாமா?

தாராளமாக. டெஸ்க்டாப்பாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, பால்கனிக்கோ மாடிக்கோ எடுத்துப் போங்கள். தூசி வீட்டுக்குள் பறந்தால் மறுபடி அதற்குள்ளேதான் போய்ச் சேரும்.

ப்ளோயர் இருந்தால் நல்லது. ஆனால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். ப்ளோயர் இல்லையென்றால் காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். மேலே தெரியும் தூசியைவிட, ஃபேனுக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும் தூசிதான் முக்கியம். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதலாம், திறக்கக் கூடாது. உள்ளே உள்ள பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது இருக்கும்.

ஹீட் சிங்க்கை எடுத்தால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்க வேண்டும். அள்ளிப் பூச வேண்டாம். திரும்ப மாட்டும்போது அந்த நாலு பின்னையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். போர்டின் பின்பக்கம் நாலு முனையும் எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் அனுபவத்தை மேலே சொன்னதே இதற்காகத்தான்.

பல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை வீடுகளில் கேபினட்டுக்குள் பல்லி முட்டை, எறும்புக் கூடு, கரப்பான் எச்சம் எல்லாம் நான் பார்த்தவை. சூடாகவும் இருட்டாகவும் இருக்கும் இடம் அவற்றுக்குப் பிடித்துப்போகிறது. பின்பக்கம் மூடாமல் விட்ட கார்டு துளைகள்தான் வாசல். ஒரு தகடோ வலையோ வைத்து அடைத்துவிடுங்கள்.

மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்தால் ஓடுகிறதே, அப்படியே விட்டுவிடலாமா?

சோதனையாகச் செய்தது நல்ல யோசனை. காற்றோட்டம்தான் குறை என்று நிரூபித்துவிட்டீர்கள். நிரந்தரமாக வேண்டாம், தூசி இரண்டு மடங்கு சேரும், குழந்தைகள் இருக்கும் வீடென்றால் ஆபத்து. பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் டேபிள்களில் கதவு வைத்த ஒரு அறை இருக்கும், சிபியு அதற்குள் சரியாகப் பொருந்தும். அதற்குள் வைத்துக் கதவையும் மூடினால், தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சும். வெளியே எடுத்து, பின்பக்கம் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். இதைச் செய்ததோடு சரியாகிப்போன வீடுகள் உண்டு.

சூடு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேரம் ஆக ஆக ப்ளூ ஸ்கிரீன் வருகிறது.

ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவியை பென்டிரைவில் போட்டு அதிலிருந்து ஆன் செய்ய வேண்டும். பலர் காலையில் கம்ப்யூட்டர் ஆறியிருக்கும்போது சோதித்துவிட்டு, பிழை இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் கோளாறு சூடேறிய பிறகு வருவது. அதனால் இரண்டு மணி நேரம் வழக்கமான வேலை செய்துவிட்டு, அந்தச் சூட்டோடு ரீஸ்டார்ட் செய்து சோதனையை ஆரம்பியுங்கள். இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது.

பிழை வந்தால் உடனே புது ரேம் வாங்கக் கிளம்ப வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் மதர்போர்டின் சாஃப்ட்வேர்) ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். எது கெட்டது, ரேமா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும்.

கரன்ட்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவு ஏழு மணிக்கு மேல் தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓட ஆரம்பிக்கும். நமக்கு வர வேண்டிய 230 வோல்ட் சில இடங்களில் நன்றாகவே இறங்கிவிடும். கம்ப்யூட்டர் நின்ற அதே நேரத்தில் லைட் ஒருமுறை மங்கியதா, ஃப்ரிட்ஜ் அப்போதுதான் ஆன் ஆனதா என்று கவனியுங்கள்.

அப்புறம், சுவர் பிளக்கும் ஸ்பைக் பஸ்டரும். ஆடும் பிளக், உள்ளே பழுப்பேறிய துளை, தொட்டால் சூடு, இதில் ஏதாவது இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று அடித்தால் எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

யூபிஎஸ் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் அதன் பேட்டரி வயதைப் பாருங்கள். அந்த மூடிய லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களுக்கும் அதே பத்து டிகிரிக் கணக்கு. அதனால் நம் ஊரில் இவை சீக்கிரம் களைத்துப்போகின்றன. எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துப் பாருங்கள். அந்த நொடியே கம்ப்யூட்டரும் போனால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்துவிட்டது.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் என்றால் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, கேம் ஓடும்போது சரிகிற எஸ்எம்பிஎஸ்கள் உண்டு, ஆகவே சுமையோடு பார்க்க வேண்டும். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. மதர்போர்டில் தலை உப்பிய, பழுப்பாகக் கசிந்த கப்பாசிட்டர் தெரிந்தால் சோதனையே தேவையில்லை.

நிற்பதில்லை, ஆனால் நாள் ஆக ஆக மெதுவாகிக்கொண்டே போகிறது. தினமும் ஷட்டவுன் செய்கிறேனே?

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் என்பது பல கம்ப்யூட்டர்களில் முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் திரும்ப எடுக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியில் "அப் டைம்" பாருங்கள். தினமும் அணைப்பவர்களுக்கே பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று காட்டும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அல்லது கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷனில் அந்த வசதியை எடுத்துவிடுங்கள்.

அதோடு, அதே டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் "நான் பேஜ்ட் பூல்" (விண்டோஸும் டிரைவர்களும் பிடித்து வைத்திருக்கும், டிஸ்குக்கு மாற்ற முடியாத மெமரி) என்ற எண்ணைக் காலையும் மாலையும் குறியுங்கள். சில நூறு எம்பி இருப்பது சகஜம். நாளுக்கு நாள் ஏறி ஜிபி கணக்கில் போனால் ஏதோ ஒரு டிரைவர், பெரும்பாலும் நெட்வொர்க் அல்லது ஆன்டிவைரஸ் சம்பந்தப்பட்டது, வாங்கிய இடத்தைத் திருப்பித் தரவில்லை. நேரம் போனால் மட்டும் தெரியும் பிழைகள் புதிதில்லை. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் 49.7 நாள் விடாமல் ஓடினால் ஹேங் ஆகும் பிழை இருந்தது. மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் எண் அன்றோடு நிரம்பிவிடும்.

கேம் விளையாடும்போது மட்டும் திரை கறுத்துப்போகிறது.

கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டையும் டிரைவரையும் பாருங்கள். கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைக்க முயலும், திரை கறுத்துத் திரும்புவது அதுதான். டிரைவரை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எஸ்எம்பிஎஸ் சக்தி குறைந்தாலும் இதே அறிகுறி வரும்.

என்னுடையது புது கம்ப்யூட்டர், இன்டெல் 13வது தலைமுறை. அதுவுமா?

13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், குறிப்பாக ஐ7, ஐ9 வகைகளில், வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி நாளடைவில் பிராசசரே கெடும் கோளாறு இருந்தது. 2024ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து பயாஸை உடனே அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே கெட்டதை அப்டேட் சரிசெய்யாது. கேம் இன்ஸ்டால் ஆகும்போது நிற்பது, வீடியோ மெமரி போதவில்லை என்ற பொய்யான செய்தி, இவை தொடர்ந்தால் பில்லை எடுத்து வாரன்டி கேளுங்கள்.

லேப்டாப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள், காற்று உள்ளே போகும் வழி அடியில்தான். டச்பேட் மேலே எழும்பியோ, மூடி சரியாக மூடாமலோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றே உபயோகத்தை நிறுத்துங்கள், சார்ஜும் போடாதீர்கள்.

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. உப்புக் காற்று காரணமாகுமா?

ஆகும். ரேம் கால்கள், கனெக்டர்கள், போர்டின் திருகுகள் பச்சை பூத்தும் துருப்பிடித்தும் போகும். சூடேறி விரியும்போது தொடர்பு விட்டுப்போகும். அறுமாதத்துக்கு ஒருமுறை ரேமையும் கேபிள்களையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பல நாள் ஆன் செய்யாமல் பூட்டி வைப்பது இங்கே உபயோகிப்பதைவிடக் கெடுதல்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோனால் கடையில் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததும் பழையபடி. என்ன செய்வது?

கடையில் மூடியைத் திறந்துபோட்டு, ஏசியிலோ பெரிய ஃபேன் அடியிலோ, அவர்களுடைய பவர் கேபிளில், பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள். உங்கள் வீட்டில் மூடிய பெட்டி, சூடான அறை, உங்கள் ஸ்பைக் பஸ்டர், ஒன்றரை மணி நேரம். அங்கே வராத கோளாறு இங்கே வருவதில் அதிசயம் இல்லை, கடைக்காரர் பொய் சொல்கிறார் என்றும் ஆகாது.

போகும்போது பவர் கேபிளையும் ஸ்பைக் பஸ்டரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். நோட்டைக் காட்டி, "மூடியை மூடிவிட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்க, எழுபதாவது நிமிஷத்துக்கு மேலதான் நிக்குது" என்று சொல்லுங்கள். இப்படி எண்ணோடு சொல்பவரிடம் யாரும் முதலில் ஃபார்மட் பேச்சை எடுப்பதில்லை. கிளம்புவதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் எடுத்துவிடுங்கள். எதையாவது மாற்றினால் பழையதைக் கையில் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே மேஜை, அதே பிளக், அதே இரவு நேரம், நோட்டில் அடுத்த வரி.